எலும்பு முறிந்தவரின் நோவை அடக்குவது எப்படி?

கிண்ணியாவிலிருந்து வந்த கேள்வி இது. தம்பிக்கு 26 வயது. மோட்டார் சைக்கிளில் விழுந்து கீழ்க்காலின் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. இரண்டு நாள் வார்டில் வைத்திருந்து, தொடை வரைக்கும் பிளாஸ்டர் போட்டு, குளிசையும் தந்து வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். தம்பி இரவெல்லாம் முனகுகிறார். உம்மாவோ, "குளிசையக் கூடப் போட்டா கிட்னி போயிடும், எலும்பும் பொருந்தாது, கொஞ்சம் பொறு மகன்" என்கிறார். உம்மா சொல்வது சரியா, விழுந்த இடத்திலேயே என்ன செய்திருக்கலாம், எந்த நோவுக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிசைக் கணக்குக்கு முன்னால் தம்பியின் காலைப் பாருங்கள். பிளாஸ்டருக்கு வெளியே தெரியும் பெருவிரலைப் பிடித்து, மெதுவாக அவருடைய முகத்தை நோக்கி வளையுங்கள். பிறகு கீழ்நோக்கி வளையுங்கள். தம்பி காலைத் தளர்த்தி வைத்திருக்க, நீங்கள்தான் விரலை அசைக்க வேண்டும். முறிந்த இடத்தில் கொஞ்சம் சுண்டினால் அது எதிர்பார்த்ததுதான். கெண்டைச் சதைக்குள்ளோ முன்காலுக்குள்ளோ ஆழமாகப் பிடித்திழுத்து, அவர் உங்கள் கையைத் தட்டிவிடும் அளவுக்கு நொந்தால் அது வேறு விஷயம். கீழ்க்காலில் தசைகள் நான்கு அறைகளாக, நீட்சி குறைந்த உறைகளுக்குள் அடைந்து கிடக்கின்றன. முறிவால் உள்ளே இரத்தம் கசிந்து வீங்கும்போது உறை விரிந்து கொடுக்காது. அறைக்குள் அழுத்தம் ஏறி, நுண்குழாய்களில் இரத்தம் ஓடாமல் நின்றுவிடும். இதைத்தான் கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் இப்படியே கிடந்தால் தசை சாகத் தொடங்கும்.

இங்கே பலர் ஏமாறுவது நாடித்துடிப்பில். "விரல் சூடாத்தானே இருக்கு, நாடியும் ஓடுது" என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய குழாயில் இரத்தம் கடைசி வரைக்கும் ஓடும். நாடி நிற்பதும், விரல் வெளிறுவதும், அசைக்க முடியாமல் போவதும் காலம் கடந்தபின் வரும் அறிகுறிகள். முதலில் வருவது நோவு ஒன்றுதான்: முறிவின் அளவுக்குப் பொருந்தாத நோவு, கொடுத்த மருந்துக்கு அடங்காத நோவு, நேற்றைவிட இன்று கூடும் நோவு. விரல் இடுக்கு மரத்துப் போவது அதற்கு அடுத்தது. கீழ்க்கால் முறிந்த இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். முதல் 48 மணி நேரம் மிக ஆபத்தானது. அதற்குப் பிறகு வராது என்றும் இல்லை.

இப்படி இருந்தால் கிளினிக் தேதி வரட்டும் என்று இருக்கக் கூடாது. இன்னொரு குளிசை போட்டு விடியும் வரை ஓட்டவும் கூடாது. 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். வரும்வரை காலை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். தலையணை அடுக்கி உயர்த்தினால் ஏற்கெனவே குறைந்திருக்கும் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு எடுக்க வேண்டி வரலாம். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை மேலிருந்து கீழ்வரை முழு நீளத்துக்கும் பிளக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். இரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு பிளாஸ்டரைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு மேலோட்டை மட்டும் வெட்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அதற்கும் நோவு இறங்காவிட்டால் உறையையே கீறிவிடும் சத்திரசிகிச்சை தேவை.

பெருவிரலை வளைத்தும் தம்பி அமைதியாக இருந்தாரானால், அவர் முனகுவதற்குப் பெரும்பாலும் காரணம் குளிசையை நோ வந்தபின் தேடுவதுதான். நோவு உச்சிக்கு ஏறியபின் விழுங்கிய குளிசை வேலை செய்ய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் எடுக்கும். அதற்குள் அவர் இறுகி, வியர்த்து, தூக்கம் கெட்டு, அடுத்த வேளையையும் நம்பாமல் போய்விடுகிறார். முதல் மூன்று நான்கு நாளுக்கு மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள், முகத்தைப் பார்த்து அல்ல.

அடித்தளம் பரசிற்றமோல். 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணிக்கு ஒரு தடவை: காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. ஒரு நாளைக்கு எட்டுக் குளிசை, அதாவது 4 கிராம், அதற்குமேல் போகவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த ஆளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்குப் போட வேண்டும். 40 கிலோ மூதாட்டிக்கு இரண்டு குளிசை கூடிப்போகும். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் தினம் குடிப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். "வெறும் பனடோல்தானே" என்று இதை விட்டுவிட்டு வீரியமான குளிசையை மட்டும் போடுவதை அடிக்கடி காணலாம். அது தவறு. பரசிற்றமோலை நேரம் தவறாமல் போட்டால் மற்ற மருந்துகள் குறைவாகவே தேவைப்படும். இன்னொன்று, பனடீனிலும் தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டு அளவு தாண்டியவர்கள் உண்டு. பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

அதற்கு மேல் டைக்ளோபெனாக் 50 மி.கி. மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது புரூபன் 400 மி.கி. மூன்று வேளை. இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் சேர்ப்பதால் நோவு கூடுதலாகக் குறையாது, வயிற்றுப் புண்தான் கூடும். பின்வழியால் வைக்கும் டைக்ளோபெனாக்கும் இதே மருந்துதான். வாயால் எடுத்ததையும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மி.கி. தாண்டக் கூடாது. வயிறு எரியும் ஆளுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல் 20 மி.கி.

இவை இரண்டுக்கும் அடங்காத நேரத்துக்கு ட்ரமடோல் 50 மி.கி., வைத்தியர் எழுதித் தந்திருந்தால் மட்டும். குமட்டல், தலைச்சுற்று வரும். வலிப்பு வருத்தம் உள்ளவருக்குக் கூடாது. மனநோய்க்கு செர்ட்ரலீன், புளுவொக்ஸெட்டீன் போன்றவை எடுப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கக் குளிசையோ மதுவோ நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரிகபலினோ இதோடு சேர்ந்தால் மூச்சு மந்தப்படும். படுக்கையில் கிடந்து ட்ரமடோலும் எடுத்தால் மலச்சிக்கல் நிச்சயம். லக்டுலோஸ் 15 மி.லீ. காலையும் இரவும் முதல் நாளிலிருந்தே கொடுங்கள். நான்காம் நாள் மலம் இறுகியபின் கொடுப்பது வீண் பாடு.

இனி உம்மாவின் பயத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எல்லாக் குளிசைக்கும் எல்லா ஆளுக்கும் பொருந்தாது. கிட்னியைத் தாக்கக்கூடியவை டைக்ளோபெனாக், புரூபன் வகை. பரசிற்றமோல் சரியான அளவில் கிட்னிக்குப் பிரச்சினை தராது. நல்ல கிட்னி உள்ள 26 வயதுக்காரர், தண்ணீர் போதுமான அளவு குடித்துக்கொண்டு, ஐந்து முதல் ஏழு நாள் டைக்ளோபெனாக் எடுப்பதில் பயமில்லை. அதே குளிசையை உம்மாவுக்கே ஒருநாள் முறிவு வந்து கொடுக்க நேர்ந்தால் கதை வேறு. பிரஷருக்கு லொசார்டனும் நீர்க் குளிசையும் எடுக்கும் ஆளுக்கு டைக்ளோபெனாக்கும் சேர்ந்தால் மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து கிட்னியின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் பரவலாக உள்ள கிராமங்களிலிருந்து வருபவருக்கு, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியற்றினினை இரத்தத்தில் பார்க்காமல் இந்த வகையைத் தொடங்கவே கூடாது. இதய நோய், வயிற்றுப் புண், இதற்கு முன் இந்தக் குளிசையால் இழுப்பு வந்த ஆஸ்துமாக்காரர், ஐந்து மாதம் கடந்த கர்ப்பிணி, இவர்களுக்கும் வேண்டாம். நோன்பு காலமென்றால் பகல் முழுக்கத் தண்ணீரில்லாத உடம்பில் டைக்ளோபெனாக் ஏறுவது நல்லதல்ல. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய, அதாவது வேறு நாளில் பிடிக்க, அனுமதி இருக்கிறது. தம்பி அதைப் பயன்படுத்தட்டும்.

காய்ச்சல் அடித்தால் டைக்ளோபெனாக், புரூபன் உடனே நிறுத்தம். 2017இல் டெங்கு கிண்ணியாவை எப்படி உலுக்கியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெங்கில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இந்தக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டும் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

எலும்பு பொருந்தாது என்பதைப் பற்றி: விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இந்த வகை மருந்து எலும்பு வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது உண்மை. மனிதரில் கிடைத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சில நாள் குறைந்த அளவில் கொடுப்பதை அதற்காகத் தவிர்க்கத் தேவையில்லை. வாரக்கணக்கில் இழுப்பதைத் தவிர்க்கலாம். எலும்பு வெளியே வந்த முறிவு, நீரிழிவு, ஏற்கெனவே பொருந்தாமல் நிற்கும் முறிவு என்றால் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டாம் என்று சொல்லக்கூடும், அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் தம்பி சிகரெட் பிடிப்பவரென்றால் உம்மா பயப்பட வேண்டியது அதற்குத்தான். கீழ்க்கால் எலும்பு பொருந்துவதை சிகரெட் தாமதப்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை.

குளிசை தவிர்ந்த காரியங்களைச் சின்னதாக நினைக்க வேண்டாம். விரல் சோதனை சரியாக இருக்கும் காலை, முழங்காலுக்கும் கீழ்க்காலுக்கும் அடியில் தலையணை வைத்து, விரல் நெஞ்சைவிட உயரும்படி கிடத்தினால் வீக்கம் குறையும். பாதி நோவு அதிலேயே இறங்கும். குதி தலையணையில் அழுந்தாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பிளாஸ்டருக்குள் ஓரிடத்தில் மட்டும், குதியிலோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ, நெருப்பு வைத்ததுபோல் எரிந்தால் அது அழுத்தப் புண். அந்த எரிவு ஓரிரு நாளில் தானாக நின்றால் சுகமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். தோல் செத்து உணர்வு போனதால்தான் நிற்கிறது. எரியும்போதே போய் அந்த இடத்தில் பிளாஸ்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

விழுந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: அசையாமல் கட்டுதல். முறிந்த எலும்பின் முனைகள் உரசும்போதுதான் நோவு உயிரை எடுக்கிறது. நன்றாகக் கட்டிய கால் ஊசி போட்ட காலைப்போல அடங்கும். மூதூரிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ டவுனுக்கு வரும் தூரத்தில், ஓட்டோவின் பின் இருக்கையில் கால் தொங்க உட்காரவைத்துக் கொண்டுவரும்போது ஒவ்வொரு குழியிலும் அந்த முனைகள் சதையைக் குத்துகின்றன. பெரிய அட்டைப் பெட்டியைக் கிழித்து ஆங்கில எல் எழுத்துப்போல மடியுங்கள். தொடை நடுவிலிருந்து பாதம் வரைக்கும், அதாவது முறிவுக்கு மேல்மூட்டும் கீழ்மூட்டும் அடங்கும்படி, காலுக்கு அடியிலும் இரு பக்கமும் வையுங்கள். இடைவெளிகளில் துவாயை அடையுங்கள். சாரத்தைக் கிழித்த பட்டிகளால் நாலு இடத்தில் கட்டுங்கள். முறிவின் மேல் கட்டு விழக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பிலும் விழக்கூடாது; அங்கே தோலுக்கடியில் ஓடும் நரம்பு நசிந்தால் பாதம் தொங்கிவிடும். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டுமுன்னும் கட்டியபின்னும் விரல் நிறம், உணர்வு, அசைவு பாருங்கள்.

ஐஸ் நல்லது. மீனுக்குப் போடும் ஐஸே போதும், துவாயில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள். தோலில் நேரே வேண்டாம், திறந்த காயத்தில் வேண்டாம். இடுப்பு எலும்பு உடைந்ததாகச் சந்தேகித்தால் படுக்கை விரிப்பை மடித்து, தொடை ஆரம்பிக்கும் இடத்தில் வெளியே துருத்தும் எலும்பு மட்டத்தில் சுற்றி இறுக்குங்கள். வயிற்றில் கட்டினால் பயனில்லை.

எண்ணெய் போட்டு உருவுவதும், உடனே மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதும் முதல் நாட்களில் வேண்டாம். முறிவு நெரிவு வைத்தியர்களுக்கு நம்மூரில் இருக்கும் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வீங்கிக்கொண்டிருக்கும் உறுப்பை யார் இறுக்கினாலும் மேலே சொன்ன அதே அழுத்தம்தான் உள்ளே ஏறும். குறிப்பாக மரத்தால் விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்த பிள்ளைகளின் கை, வாழ்நாள் முழுக்க மடங்கி நிற்கும் நிலைக்கு இப்படித்தான் போகிறது.

ஆஸ்பத்திரியில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வார்டில் வேலை செய்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். கடும் நோவோடு வருபவருக்குச் சதையில் ஊசி போடுவது நல்ல வழியல்ல. இரத்தம் இழந்து உடம்பு குளிர்ந்தவரின் சதையில் இரத்த ஓட்டம் குறைவு. மருந்து அங்கேயே தேங்கும். நோவு இறங்கவில்லை என்று இன்னொன்று போடுவார்கள். பிறகு சேலைன் ஏறி உடம்பு சூடானதும் இரண்டும் ஒன்றாக இரத்தத்தில் கலந்து மூச்சை அடக்கும். நாளத்தால் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். மோர்பின் அம்பியூலின் லேபிளை முதலில் படியுங்கள், 10 மி.கி.யும் உண்டு, 15 மி.கி.யும் உண்டு. 10ஐ 10 மி.லீ. ஆகவும், 15ஐ 15 மி.லீ. ஆகவும் சேலைனால் கலந்தால் ஒரு மி.லீ.யில் ஒரு மி.கி. இளைஞருக்கு 2 மி.லீ., முதியவருக்கு 1 மி.லீ., ஐந்து நிமிடம் பொறுத்து நோவைக் கேட்டு, மூச்சை எண்ணி, மறுபடி. ஆளை எழுப்ப வேண்டியிருந்தால், அல்லது மூச்சு நிமிடத்துக்கு 10க்குக் கீழே போனால் நிறுத்தம், ஒட்சிசன். மோர்பினை முறிக்கும் நலொக்சோன் தேவையென்றால் 100 மைக்ரோகிராம் வீதம்; 400ஐயும் ஒரேயடியாகத் தள்ளினால் நோவு முழுவதும் திரும்பி வரும். மோர்பின் வகையைச் சேர்ந்த பெதிடீனைத் திரும்பத் திரும்பப் போடுவது வேண்டாம். அதன் கழிவு உடம்பில் சேர்ந்து வலிப்பை உண்டாக்கும்.

மிக ஆபத்தான நேரம் எலும்பை இழுத்து நேராக்கி முடித்த அடுத்த அரை மணி நேரம். அதுவரை அந்த நோவுதான் மருந்துக்கு எதிராக அவரை விழித்திருக்கவைத்தது. நோவு போனதும் மருந்து மட்டும் மிஞ்சும். எக்ஸ்ரேக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் நோயாளி குழம்பிப் பேசினால், மூச்சு வாங்கினால், மார்பில் சிவந்த புள்ளிகள் தெரிந்தால், மருந்து மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. நீண்ட எலும்பின் கொழுப்பு இரத்தத்தில் கலந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.

வயதானவர் குளியலறையில் வழுக்கி இடுப்பு மூட்டருகே முறிந்து வந்தால் மோர்பினைவிட நரம்பு மரக்கவைப்பதே நல்லது. தொடை மடிப்பில், உறைக்கு அடியில் போடும் இந்த ஊசியை இயன்றவரை ஸ்கேன் பார்த்துப் போட வேண்டும். 60 கிலோ ஆளுக்கு மரக்கவைக்கும் மருந்தான 0.25 வீத பியூபிவக்கேன் 40 மி.லீ., அதாவது 100 மி.கி.; கிலோவுக்கு 2 மி.கி. என்ற எல்லைக்குள் வரும். ஒவ்வொரு 5 மி.லீ.க்கும் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாய் மரக்கிறது, காது இரைகிறது என்றால் உடனே நிறுத்தி, அந்த மருந்தின் நச்சை முறிக்கும் 20 வீத கொழுப்புத் திரவத்தைக் கையில் எடுக்க வேண்டும்: கிலோவுக்கு 1.5 மி.லீ., இவருக்கு 90. அது அறையில் இல்லாவிட்டால் ஊசியைத் தொடங்கக் கூடாது. பாரம் கட்டி இழுப்பது இந்த முறிவில் நோவைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. முழங்காலுக்கடியில் ஒரு தலையணை போதும். முதியவர் புலம்பத் தொடங்கினால் மருந்தைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அடங்காத நோவும் அதே புலம்பலைத் தரும். முகச் சுளிப்பையும், காலைத் தொட்டால் கை ஓடி வருகிறதா என்பதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு எல்லாம் எடைப்படி. 20 கிலோ பிள்ளைக்குப் பரசிற்றமோல் 300 மி.கி.; 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணியென்றால் 12.5 மி.லீ. தேநீர்க் கரண்டியால் அளக்காமல் மருந்துச் சிரிஞ்சால் அளவுங்கள். பனடீனில் உள்ள கொடேன், ட்ரமடோல் இரண்டும் 12 வயதுக்குக் கீழே வேண்டாம். விலா முறிந்தவருக்கு மார்பை இறுக்கிக் கட்டாதீர்கள். நன்றாக இருமும் அளவுக்கு நோவை அடக்காவிட்டால் சளி கட்டி நியுமோனியா வரும்.

தம்பியின் மருந்தைக் குறைப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு இரவு தொடர்ந்து தூங்கினால் முதலில் ட்ரமடோலை நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்குள் டைக்ளோபெனாக்கை நிறுத்துங்கள். பரசிற்றமோல் கடைசி, நேரப்படி கொடுப்பதை விட்டு, ஊன்றுகோலில் எழுந்து நடக்கப் பழகுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மட்டும் கொடுங்கள். பத்து நாள் கழித்தும் ட்ரமடோல் கேட்டாரானால் அவரைத் திட்டவோ, பக்கத்துப் பாமசியில் இன்னொரு அட்டை வாங்கிக் கொடுக்கவோ வேண்டாம். எலும்பு விலகியிருக்கலாம், கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருக்கலாம், புண் இருக்கலாம். கிளினிக் கொப்பியோடு எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை, முதல் வாரம் முழுக்க, காலையும் இரவும் அந்தப் பெருவிரலை வளைத்துப் பார்ப்பதை உம்மாவிடமே ஒப்படையுங்கள்.